கடை சிஸ்டம்ல ஒருத்தர் திறந்தது அடுத்தவருக்குத் தெரியாம இருக்க எந்த பிரவுசர் போடணும்?

ஜெராக்ஸ்கடை_அக்கா
செவ்வாய், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். சங்கரன்கோவில்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ஆன்லைன் அப்ளிகேஷன், பட்டா, ஈபி பில், ரிசல்ட் பிரிண்ட் எல்லாம் பாக்கோம். மூணு சிஸ்டம். ரெண்டுல நானும் வேலைக்கு நிக்கிற பொண்ணும் உக்காந்து அடிச்சுக் குடுப்போம். மூணாவது வாசல் பக்கம். "அக்கா, மெயில்ல ஒரு பிடிஎஃப் கெடக்கு, எடுத்துக்கிடுதேன்"னு வாறவங்க அவங்களே உக்காந்து எடுத்துக்கிடுவாங்க.

போன வாரம் அந்த மூணாவது சிஸ்டத்துல ஒரு டீச்சர் மெயில் திறந்து, வக்கீல் அனுப்பின ஒரு நோட்டீஸ் நகலை பிரிண்ட் எடுத்தாங்க. அவசரம் போல, காசைக் குடுத்துட்டு அப்படியே கெளம்பிட்டாங்க. மெயில் திறந்தபடி இருக்கு. அடுத்து உக்காந்தவர் அவங்க தெருவுக்காரர். நான் கவுண்டர்ல லேமினேஷன் போட்டுக்கிட்டு இருந்தேன், கவனிக்கல. ரெண்டு நாள் கழிச்சு டீச்சர் கடை வாசல்ல வந்து நின்னாங்க. சத்தம்கூடப் போடல. "என் வீட்டு விஷயம் தெருவுக்கே தெரிஞ்சு போச்சு அக்கா"ன்னு மட்டும் சொன்னாங்க. சத்தம் போட்டிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்.

அதுக்கப்புறந்தான் உக்காந்து பாத்தேன். மொபைல் நம்பர் கேக்குற கட்டத்தைத் தொட்டா போதும், வந்தவங்க போனவங்க நம்பர் எல்லாம் வரிசையா இறங்குது. ஆறு பேரோட பாஸ்வேர்டு சேமிச்சுக் கெடக்கு. அம்புட்டு நாளும் இது என் கண்ணுல படல.

கடைக்கு வாற ஒரு பையன் "பிரைவசி பிரவுசர் போடுங்கக்கா"ன்னான். பேரைத் தேடுனா மேல மேல விளம்பரமா வருது, எல்லாத்துலயும் பச்சை டவுன்லோட் பட்டன். பயந்து மூடிட்டேன். பாத்ததை ஞாபகம் வெச்சுக்காத இன்காக்னிட்டோ ஜன்னலே போதாதா? மூணுமே விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். முதல் சிஸ்டத்துல ரேகை வைக்கிற மெஷின் மாட்டிருக்கு. அப்ளிகேஷன் கடைசி நாள்ல இருவது பேர் வரிசையில நிப்பாங்க, அப்ப ஏதாவது மக்கர் பண்ணா தொலைஞ்சேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_பிரவுசிங்_சென்டர்
செவ்வாய், இரவு 10.35

தங்கச்சி, மதுரையில 2003-லருந்து ஒம்பது வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்துனவன் நான். மணிக்கு இருவது ரூபா. அப்ப நாங்க எல்லா சிஸ்டத்துலயும் டீப் ஃப்ரீஸ்னு ஒண்ணு போட்டு வெப்போம். பசங்க என்ன பண்ணாலும், எந்த வைரஸை இறக்குனாலும், ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணா காலையில இருந்த மாதிரி ஆயிடும். இன்னிக்கும் அது விக்கிது.

பிரவுசர் எதுன்னு மத்தவங்க சொல்லுவாங்க. நான் கேக்குறது வேற. உங்க மூணாவது சிஸ்டத்துல டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாத்தீங்களா? எந்த பிரவுசர் போட்டாலும் இறக்கின கோப்பு அங்கதான் கெடக்கும். இ-ஆதார் பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்டு இருக்கேன்னு நினைக்காதீங்க. பேரோட முதல் நாலு எழுத்து, பொறந்த வருஷம், அவ்ளோதான். தெருவுக்காரருக்கு அது தெரியாதா?

ரீசைக்கிள் பின்னையும் பாருங்க. விண்டோஸ் பட்டனும் வி எழுத்தும் சேத்து அமுக்கிப் பாருங்க. கிளிப்போர்டு ஹிஸ்டரியை யாராவது ஆன் பண்ணி வெச்சிருந்தா கடைசியா காப்பி பண்ண 25 சங்கதி வரைக்கும் அங்க நிக்கும்.

ஊதாப்பூ_2005
செவ்வாய், இரவு 11.58

டார் பிரவுசர் போடுங்க அக்கா, வேற எதுவும் வேணாம். மூணு கணினி வழியாச் சுத்திப் போகும், யாராலயும் லேசுல கண்டுபிடிக்க முடியாது. நான் ஹாஸ்டல்ல அதான் வெச்சிருக்கேன்.

நெல்லை_லினக்ஸ்
புதன், காலை 6.20

தம்பி ஊதாப்பூ, டார் நல்ல சாமான்தான். ஆனா அக்கா கடைக்கு அது வேண்டாம்.

அக்கா, முதல்ல ஒண்ணு தெளிவாக்கிக்கிடுங்க: யார்கிட்ட இருந்து மறைக்கணும்? டார் மறைக்கிறது நீங்க எங்கிருந்து வாறீங்கங்கிறதை. 1990-கள்ல அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துல பொறந்த யோசனை அது. உங்க இணைப்பு மூணு கணினி வழியா தாவி, கடைசியில ஜெர்மனியிலயோ நெதர்லாந்துலயோ இருந்து வாற மாதிரி தளத்துக்குத் தெரியும். நம்ம அரசாங்கத் தளங்கள் நிறைய வெளிநாட்டு முகவரியைக் கண்டாலே கதவைச் சாத்திரும். பேங்க் தளம் சந்தேகப்பட்டு அக்கவுண்டையே பூட்டும். நிதானமாத்தான் நகரும் வேற. இருவது பேர் வரிசையில நிக்கும்போது அதைத் திறந்து வெச்சா உங்களை அடிக்க வருவாங்க.

இன்காக்னிட்டோ கேட்டீங்க. உங்க பிரச்சினைக்கு முக்கால்வாசி அதுவே போதும். ஆனா வாறவங்க யாரும் அதைத் தேடித் திறக்க மாட்டாங்க. திறந்தாலும் மூட மாட்டாங்க. ஜன்னல் எல்லாத்தையும் மூடுனாத்தான் அது மறக்கும், ஒண்ணு சும்மா சின்னதாக்கிக் கெடந்தாலும் உள்ள எல்லாம் அப்படியே உயிரோட இருக்கும். அது போக, இன்காக்னிட்டோன்னா யாருமே பாக்கலன்னு ஜனங்க நம்புனதை வெச்சு 2020-ல கூகுள் மேல அமெரிக்காவுல வழக்குப் போட்டாங்க. 2024-ல சமரசமாப் போயி, சேத்து வெச்ச பதிவுகளை அழிக்க ஒத்துக்கிட்டாங்க. அது விளம்பரக் கம்பெனி பாக்குற கதை. உங்களுக்கு வந்தது தெருவுக்காரர் பாக்குற கதை. ரெண்டும் வேற வேற நோய், மருந்தும் வேற.

மூணாவது சிஸ்டத்துக்கு லிப்ரவுல்ஃப் போடுங்க. ஃபயர்ஃபாக்ஸையே எடுத்து, வேவு சமாச்சாரத்தைக் கழட்டிட்டு, தன்னார்வலர்கள் சேந்து கட்டி விடுறது. விளம்பரத்தைத் தடுக்குற யுபிளாக் ஆரிஜின் உள்ளேயே வரும், 4 ஜிபி மெஷினுக்கு அதுவே பெரிய உபகாரம். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமான்னு கேக்கவே கேக்காது. மூடுனதும் குக்கியை, அதாவது நீங்க உள்ள நுழைஞ்சிருக்கீங்கன்னு தளம் பிரவுசர்ல விட்டு வெக்கிற குறிப்பை, அழிச்சிரும், அதனால எந்த மெயில்ல இருந்தாலும் தானா வெளிய வந்துரும்.

இறக்குறப்ப தேடல்ல வாறதை அமுக்காதீங்க. அட்ரஸ் பார்ல லிப்ரவுல்ஃப் டாட் நெட்னு நீங்களே ஆங்கிலத்துல முழுசா அடிங்க. விண்டோஸ் பதிப்பை எடுத்து ஓட்டுனா நடுவுல ஒரு இடத்துல அப்டேட்டர் வேணுமான்னு ஒரு கட்டம் வரும். அதை டிக் பண்ணாம விட்ராதீங்க. ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி இது தன்னைத்தானே புதுப்பிச்சுக்காது, அந்தக் குட்டி புரோகிராம்தான் புதுப்பிக்கும். பழசாக் கெடக்குற பிரைவசி பிரவுசர், புதுசா இருக்குற சாதா பிரவுசரைவிட மோசம்.

ரேகை மெஷின் இருக்குற சிஸ்டத்துல கை வெக்காதீங்க. அந்த மெஷினோட புரோகிராம் உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மூலையில ஓடிக்கிட்டு இருக்கும், வெப்சைட் அதுகிட்டதான் பேசும். கெடுபிடியான பிரவுசர் அந்தப் பேச்சையே தப்புன்னு நினைச்சுத் தடுத்துரலாம். மெஷின் குடுத்தவங்க எந்த பிரவுசர் சொன்னாங்களோ அதுலயே விடுங்க.

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அதையும் ஒரு நாள் பேசணும், இன்னிக்கு வேண்டாம்.

ஜெராக்ஸ்கடை_அக்கா
வியாழன், இரவு 10.15

பழைய சென்டர் அண்ணாச்சி, நீங்க சொன்னதும் டவுன்லோட்ஸைத் திறந்தேன். 2,140 கோப்பு. ஆதார், டிசி, சாதிச் சான்று, ரெண்டு பேரோட ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு கல்யாணப் பத்திரிகை. நேத்து ராத்திரி மண்ட வலிச்சுப் போச்சு. எல்லாத்தையும் அழிச்சேன், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணேன். கிளிப்போர்டு ஆன்லதான் இருந்துச்சு, யார் பண்ணுனான்னு தெரியல.

நெல்லை தம்பி, நீங்க சொன்னபடியே லிப்ரவுல்ஃப் போட்டாச்சு. பத்து நிமிஷ வேலை. நீலக் கலர்ல ஓநாய் மூஞ்சி, வேலைக்கு நிக்கிற பொண்ணு "நாய் பிரவுசர்"னு பேர் வெச்சிட்டா. மெயிலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு.

ஆனா இன்னிக்கு ஒரே நாள்ல மூணு வம்பு.

ஒண்ணு, மெயில்ல நேரம் தப்பாக் காட்டுது. காலையில 10.40-க்கு வந்த மெயிலுக்கு 5.10-னு போட்டிருக்கு. கீழ கடிகாரம் சரியாத்தான் ஓடுது. ஒரு அப்ளிகேஷன் நகல்ல தேதியே ஒரு நாள் முன்னாடி வந்துச்சு. அந்தப் பையன் "கடைசி நாளுக்குள்ள போட்டாச்சா இல்லையாக்கா"ன்னு அழாத குறை.

ரெண்டாவதுதான் பெருசு. போட்டோவை 50 கேபிக்குள்ள, கையெழுத்தை 20 கேபிக்குள்ள சுருக்கணும்ல, அதுக்கு ஒரு வெப்சைட் வெச்சிருக்கோம். அதுல பையன் போட்டோவைப் போட்டுச் சுருக்குனா, மூஞ்சியே இல்ல. கலர் கலரா கோடு! பழைய டிவியில சேனல் போனா வருமே, அந்த மாதிரி. நல்லவேளை ஏத்துறதுக்கு முன்னாடி பாத்தேன்.

மூணாவது, ஒரு அம்மா வந்து ஓடிடியில சீரியல் ஒரு எபிசோடு பாத்துக்கிடட்டுமான்னு கேட்டாங்க. ஓடல. அது ஓடாததே நல்லதுன்னு விட்டுட்டேன்.

வைரஸ் ஏதும் வந்துருச்சா? எடுத்துரவா?

நெல்லை_லினக்ஸ்
வியாழன், இரவு 11.05

எடுத்துராதீங்க அக்கா. வைரஸ் இல்ல. அது அதோட குணம். முன்னாடியே சொல்லிருக்கணும், என் தப்பு.

வெப்சைட்டுக்காரன் குக்கி இல்லாமலே உங்க மெஷினை அடையாளம் கண்டுக்கிடுவான். திரை அளவு, எழுத்துரு, நேர மண்டலம், வரைபடம் வரையிற விதம் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா அது ரேகை மாதிரி. 2010-ல அமெரிக்காவுல இணைய உரிமைக்காகப் போராடுற இஎஃப்எஃப் அமைப்பு நாலு லட்சத்து எழுவதாயிரம் பிரவுசரைச் சோதிச்சுப் பாத்துச்சு. அதுல 83.6 சதவீதம் தன்ன மாதிரி இன்னொண்ணு இல்லாத ஒத்தை ஆளா இருந்துச்சு. லிப்ரவுல்ஃப் இதை முறிக்கிறதுக்காக, எல்லாரும் ஒரே மாதிரி தெரியணும்னு பொய் சொல்லும். உலகத்துல எங்க இருந்தாலும் நேரம் கிரீன்விச் நேரம்னுதான் தளத்துக்கிட்ட சொல்லும். நமக்கு அஞ்சரை மணி பின்னால. தேதி மாறுனதும் அதனாலதான். நமக்கு நடுராத்திரி 12-ன்னா அங்க முந்தின நாள் சாயங்காலம் 6.30. சர்வர்ல தேதி சரியாத்தான் பதிவாயிருக்கும், காட்டுறதுலதான் கோளாறு. பையனைச் சமாதானப்படுத்துங்க.

கோடு கோடா வந்ததும் அதே கதை. போட்டோவைச் சுருக்குற தளம், பிரவுசருக்குள்ள கேன்வாஸ்னு ஒரு பலகையில படத்தை வரைஞ்சு, திரும்பப் படிச்சு எடுக்கும். ரேகை எடுக்குறவனும் அதே பலகையைத்தான் பயன்படுத்துறான். யாரு எதுக்குப் படிக்கிறான்னு பிரவுசருக்குத் தெரியாது, அதனால வாய்க்கு வந்ததை அள்ளிக் குடுத்துரும். அட்ரஸ் பார்ல இடது பக்கம் ஒரு குட்டிப் படம் வரும், அதைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி குடுத்தா சரியாயிரும்.

ஆனா ஒண்ணு சொல்லவா? வாடிக்கையாளர் போட்டோவையும் கையெழுத்தையும் ஊர் பேர் தெரியாத தளத்துல போடுறதே வேண்டாம். சிலது உங்க மெஷினுக்குள்ளேயே சுருக்கும், சிலது தன் சர்வருக்கு ஏத்தித்தான் சுருக்கும், வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இர்ஃபான்வியூன்னு ஒரு பழைய புரோகிராம் இருக்கு. ஜேபெக்கா சேமிக்கிறப்ப இத்தனை கேபின்னு அதுலயே சொல்லலாம். நெட்டே வேண்டாம்.

கடைக்கு இந்த ரேகை முறிப்பு தேவையா? எனக்கென்னமோ தேவையில்லன்னுதான் படுது. அமைப்புகள்ல லிப்ரவுல்ஃப்னே தனியா ஒரு பக்கம் இருக்கும். அங்க ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங்கிற டிக்கை எடுத்து விடுங்க. நேரமும் போட்டோவும் சாதாரணமாயிரும். குக்கி அழிக்கிறது அப்படியே இருக்கும். உங்களுக்கு அதுதானே வேணும். ஓடிடி சீரியலுக்கும் ஒரு வழி இருக்கு, அதை நான் சொல்லல.

கோர்ட்வாசல்
வெள்ளி, காலை 9.30

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், வக்கீல் அல்ல. ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை.

பணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை இன்டர்நெட்டில் உட்கார வைத்தால் சட்டத்தின் பார்வையில் அது சைபர் கஃபே. அதற்கென்று 2011-ல் மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், பதிவேட்டை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். கணினிகளுக்கு நடுவில் வைக்கும் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. முக்கியமாக, அந்தக் கணினியில் பார்த்த தளங்களின் வரலாற்றையும் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழிக்கிற பிரவுசரைப் போட்டுவிட்டு, நாளை போலீஸ் வந்து போன மாதம் இங்கிருந்து யார் மிரட்டல் மெயில் போட்டது என்று கேட்டால் அக்கா என்ன பதில் சொல்வார்?

பழைய_பிரவுசிங்_சென்டர்
வெள்ளி, காலை 10.10

குமாஸ்தா ஐயா சொல்றது சரி. நான் சென்டரை மூடுறதுக்கு முந்தின வருஷம்தான் அந்த விதி வந்துச்சு. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வாங்கி வாங்கி ஒரு பீரோவே ரொம்பிருச்சு. தடுப்பு அளக்க டேப்போட வந்தாங்க. எங்களுது அஞ்சடி. தச்சனைக் கூப்பிட்டு அறுத்தோம்.

நெல்லை_லினக்ஸ்
வெள்ளி, மதியம் 1.40

ஐயா, நல்ல வேளை சொன்னீங்க, எனக்கு இது தோணவே இல்ல. ஆனா வரலாறும் குக்கியும் ஒண்ணு இல்ல. எந்தத் தளத்துக்குப் போனாங்கங்கிறது வரலாறு. உள்ள நுழைஞ்ச நிலையில வெச்சிருக்குறது குக்கி. டீச்சர் விஷயத்துல கடிச்சது குக்கிதான். அமைப்புகள்ல ரெண்டையும் தனித்தனியா வெச்சுக்கலாம்: மூடுறப்ப குக்கி போகட்டும், வரலாறு நிக்கட்டும். ஃபார்ம்ல அடிச்சதை ஞாபகம் வெச்சுக்கிற டிக்கை எடுத்துருங்க. அட்ரஸ் பார் ஆலோசனையில வரலாறு வராம பண்ணிருங்க, அப்ப அடுத்தவர் ஒரு எழுத்து அடிச்சதும் முந்தினவர் போன இடம் இறங்காது. வேணும்னே தோண்டுறவருக்கு மட்டும் கெடைக்கும். அதையும் மறைக்கணும்னா வரலாற்றை பிரவுசர்ல வெக்காம உங்க சிஸ்டத்துல ஒரு ப்ராக்ஸியில, அதாவது அந்த மெஷினோட நெட் எல்லாம் நுழைஞ்சு போற ஒரு நடு வாசல்ல, பதிவாக்கணும். அது இங்க எழுதிச் சொல்ற வேலை இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழமை நான் பஸ் ஏறி வந்துடுதேன்.

ஜெராக்ஸ்கடை_அக்கா
அடுத்த திங்கள், இரவு 9.30

தம்பி நேத்து வந்துட்டுப் போச்சு. என் கையால சாப்பாடு, பஸ் காசு வாங்க மாட்டேன்னுட்டு.

இப்ப இருக்குற நெலைமையைச் சொல்லிருதேன், வேற கடைக்காரங்களுக்கு உதவும். முதல் சிஸ்டம் ரேகை மெஷினோட பழையபடி. ரெண்டாவதுல சாதா ஃபயர்ஃபாக்ஸ், அதுல பாஸ்வேர்டு சேமிப்பு, ஃபார்ம் ஞாபகம் ரெண்டும் நிப்பாட்டியாச்சு. எங்க ரெண்டு பேரைத் தவிர அதுல யாரும் உக்கார மாட்டாங்க. மூணாவதுல நாய் பிரவுசர், ரேகை முறிப்பு இல்லாம. வேற பிரவுசர் ஐகான் எல்லாத்தையும் திரையில இருந்து எடுத்தாச்சு. வரலாறு என் சிஸ்டத்துல பதிவாகுது, பக்கத்துல ஒரு நீளநோட்டு: பேர், அட்டை நம்பர், வந்த நேரம், போன நேரம். முதல் நாள் ரெண்டு பேர் "பிரிண்ட் எடுக்க ஆதாரா?"ன்னு கோவிச்சுக்கிட்டு எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க. போகட்டும்.

டவுன்லோட்ஸுக்குத் தம்பி ஒரு குட்டி கோப்பு எழுதிக் குடுத்திருக்கு. சிஸ்டம் ஆன் ஆகுறப்ப எல்லாம் ஃபோல்டரைக் காலி பண்ணிரும். நான் மதியம் சாப்பிடப் போறப்ப ஒருதரம் ஆஃப் பண்ணிப் போடுதேன்.

இன்னும் தீராதது ஒண்ணுதான். பிரவுசரை மூடுனாத்தான எல்லாம் அழியும், மூடாம எந்திரிச்சுப் போயிருதாங்க. மானிட்டர் மேல பெருசா எழுதி ஒட்டுனேன், யாரும் வாசிக்கல. இப்ப நானே ஒரு வழி பண்ணிருக்கேன். காசு வாங்குறதுக்கு முன்னாடி "மூடிட்டீங்களா?"ன்னு கேக்கேன். மூடலன்னா திரும்பிப் போயி மூடிட்டு வந்தாத்தான் மீதிச் சில்லறை. சனிக்கெழமை டீச்சரோட பொண்ணு ஹால் டிக்கெட் எடுக்க வந்துச்சு. சில்லறை கேக்கறதுக்கு முன்னாடியே "மூடிட்டேன் அத்தை, அம்மா ரெண்டு தடவை சொல்லி அனுப்புனாங்க"ன்னுச்சு.